கணக்குக் கேட்பாரில்லாத தருமகர்த்தா

ஒருவர் ஈட்டிய செல்வம் அவருக்கே உரியதா, பிறர் பொருட்டு அவர் கையில் இருப்பதா என்ற பழைய அறக்கேள்விக்குத் தொழிலதிபர் ஒருவரே எழுத்தில் அளித்த விடை, 1889இல் ஆண்ட்ரூ கார்னகி செல்வத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லினில் 1835இல் கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்து, விசைத்தறிகள் தந்தையின் பிழைப்பைப் பறித்ததால் 1848இல் குடும்பத்தோடு பென்சில்வேனியாவுக்குக் குடியேறி, அங்கே பஞ்சாலையில் வாரம் 1.20 டாலர் கூலிக்கு வேலை பார்த்த அவர், தந்தி அலுவலகம், ரயில்வே எனப் படிப்படியாக உயர்ந்து எஃகுத் தொழிலில் கால் பதித்து, 1901இல் தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார்.

தம் தேவைக்கு மிஞ்சிய செல்வத்துக்குச் செல்வந்தர் உரிமையாளர் அல்லர், தருமகர்த்தாவே என்பதும், வாழும் காலத்திலேயே அதைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்பதும் அவர் கொள்கை. தருமகர்த்தா என்பவர் பிறருக்குரிய சொத்தைக் காப்பவர். கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவர். உடைமை அனைத்தும் இறைவனுடையது, மனிதன் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய வெறும் உக்கிராணக்காரன் என்னும் விவிலியக் கருத்தே இதன் வேர். ஆனால் குழந்தைகளும் நரகத்துக்குரியவர்கள் என்ற பிரசங்கத்தைக் கேட்டுத் தந்தை திருச்சபையை விட்டு வெளியேறிய குடும்பம் கார்னகியுடையது. அவரோ, போட்டியில் தகுதியுடையவையே தழைக்கும் என்ற பரிணாமக் கருத்தைச் சமூகத்துக்கும் விரித்துரைத்த ஹெர்பர்ட் ஸ்பென்சரைத் தம் ஆசானாகக் கொண்டவர். கணக்குக் கேட்கும் ஆண்டவனை விலக்கிவிட்டு, உக்கிராணக்காரனின் பதவியை மட்டும் அவர் வைத்துக்கொண்டார்.

இதன் விளைவு கூலி விஷயத்தில் வெளிப்படுகிறது. பெருந்தொகையைச் சிறுசிறு பங்குகளாகத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்தால் அது நுகர்விலேயே கரைந்துவிடும், அதே தொகையை ஒருவர் திரட்டிச் செலவிட்டால் நிலையான நன்மை விளையும் என்று அக்கட்டுரையிலேயே வாதிடுகிறார். அப்படியானால் மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் யார்? 1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் கூலிக் குறைப்பைத் தொழிற்சங்கம் எதிர்த்தபோது, கார்னகி ஸ்காட்லாந்தில் இருக்க, அவருடைய ஒப்புதலோடு நிறுவனத் தலைவர் ஹென்றி ஃபிரிக் ஆலையைப் பூட்டி, பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 ஆட்களை மொனொங்கஹேலா ஆற்றில் படகுகளில் வரவழைத்தார், மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. சொத்து எவருக்கென்று காக்கப்பட்டதோ அவர்களே அதைப் பற்றி வாய் திறக்க முடியாமற் போனதைத் தருமகர்த்தா முறை என்று சொல்வது கடினம்.

கொடை பொய்யன்று. 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. 1919இல் இறப்பதற்குள் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் கொடுத்துவிட்டார். அவருடைய ஆலை இருந்த பிராடக் ஊரில் அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டிலேயே திறக்கப்பட்ட நூலகத்தின் அடித்தளத்தில், வீட்டில் குளிக்க வசதியில்லாத ஆலைத் தொழிலாளருக்கெனக் குளியலறைகளும் இருந்தன. குளித்தபின் படிக்க, 12 மணி நேர வேலை எவ்வளவு பொழுதை மிச்சம் வைத்தது என்பது வேறு. நூலகம் கேட்ட ஊர்களிடம் அவர் பொதுவாக விதித்த நிபந்தனையும் கவனத்துக்குரியது: இடத்தை ஊரே தர வேண்டும், கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க உறுதியளிக்க வேண்டும். வாங்குவோரிடம் பொறுப்பை எழுதி வாங்கிய அவர், ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்குத் தாம் கணக்குக் காட்டும் கடமையை ஏற்கவில்லை.