வழு எதன் பக்கம்?

மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் நிறைவேற்றக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளாகிய கம்பைலருக்குக் கையேடு எழுதுவோரும், அக்கையேட்டின் சொற்பிழைகளைக் களைவோரும், மெய்யியலின் பழைய வினா ஒன்றைத் தாம் தொட்டுக்கொண்டிருப்பதாக எண்ணுவதில்லை. விடுபட்ட எழுத்தை நிரப்புவதும், மயங்க வைக்கும் வினைச்சொல்லைத் தெளிவாக்குவதும் துப்புரவுப் பணியாகவே கருதப்படுகின்றன. ஆயினும் ஏட்டிலுள்ள சொல்லும் நடைமுறையிலுள்ள பொருளும் முரணும்போது வழு எதன் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளாமல் எவரும் எதையும் திருத்த இயலாது. அம்முடிவு பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

பிரித்தானிய மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1957-இல் வெளியிட்ட ‘இன்டென்ஷன்’ என்னும் நூலில் இதற்கு உதவும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒருவன் பட்டியலுடன் கடைக்குச் செல்கிறான். அவனைப் பின்தொடரும் துப்பறிவாளர் அவன் வாங்குவதையெல்லாம் குறித்துக்கொள்கிறார். இரு பட்டியல்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கலாம். ஆனால் பட்டியலும் வாங்கிய பொருளும் வேறுபட்டால், கடைக்குச் சென்றவனின் பட்டியலாயின் பிழை வாங்கியவனுடையது, துப்பறிவாளரின் பட்டியலாயின் பிழை எழுதியவருடையது. பின்வந்தோர் இதனைப் ‘பொருத்தத்தின் திசை’ என்றனர். வேத வாக்கியங்களைச் செயலுக்கு ஏவும் ‘விதி’ என்றும், அவ்விதியைப் புகழ்ந்தும் விளக்கியும் துணைநிற்கும் ‘அர்த்தவாதம்’ என்றும் வேத விளக்க மரபினரான மீமாம்சகர் பிரித்தது வேறு நோக்கத்துக்காக எனினும், ஒரு வாக்கியம் எவ்வகையைச் சார்ந்தது என்று தீர்மானித்த பிறகே அதற்குப் பொருள் கொள்ள முடியும் என்பது அவர்களும் கண்டதே. கம்பைலரின் கையேடோ ஒரே நேரத்தில் இரு பட்டியல்களாகவும் விளங்குகிறது: மென்பொருள் செய்வதை வருணிப்பதும் அதுவே, செய்யும் என்று உறுதிமொழி அளிப்பதும் அதுவே.

ஆங்கிலக் கையேடுகளில் வரும் ‘மே நாட்’ என்னும் தொடர் ‘கூடாது’ என்ற விலக்காகவும், ‘இல்லாமலும் போகலாம்’ என்ற ஐயக் கூற்றாகவும் பொருள்படும். ஒரு சார்புக்கு, அதாவது பெயரிட்டு அழைக்கப்படும் நிரற்பகுதிக்கு, அனுப்பப்படும் நினைவக முகவரி வெறுமையாக இருத்தலைப் பற்றி இத்தொடர் வருவதாகக் கொள்வோம். விலக்கு என்று கொண்டால் முகவரியைச் சோதிக்கும் பொறுப்பு அழைப்பவரைச் சேரும். அவ்விலக்கு நிரலிலும் அறிவிக்கப்பட்டிருப்பின், வெறுமை நேரவே நேராது என்று நம்பிக் கம்பைலர் சார்பினுள் இருக்கும் சோதனையையே நீக்கிவிடக்கூடும். ஐயக் கூற்று என்று கொண்டால் சார்பு இரு நிலைகளுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். விலக்கைக் குறிக்க இத்தொடரைக் கையாளலாகாது என்று பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் வரைவு விதிகள் கூறுவது இதனாலேதான். மயக்கத்தை நீக்கப் புகும் திருத்துநர், இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் அக்கணத்திலேயே சட்டம் இயற்றுபவராகிவிடுகிறார்.

ஏடும் நடப்பும் வெளிப்படையாக மோதிய வழக்கு ஒன்று 2010-இல் எழுந்தது. சி மொழியின் ‘மெம்காபி’ என்னும் சார்பு தரவை நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுப்பது; அவ்விரு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் கூடாது என்றும், படியுமாயின் ‘மெம்மூவ்’ என்னும் வேறொரு சார்பைக் கையாள வேண்டும் என்றும் ஏடு விதித்திருந்தது. ஆனால் விதியை மீறிய நிரல்களும் பல்லாண்டுகள் குறையின்றி ஓடின. லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, வேகத்தை நாடிப் படியெடுக்கும் முறையை மாற்றியபோது, அடோபி ஃபிளாஷ் மென்பொருள் வழியே கேட்ட ஒலி சிதைந்தது. ஏட்டை மீறியவரே குற்றவாளி என்றது ஒரு தரப்பு. பயனர் அறிந்தது நடத்தையை மட்டுமே, ஓடிக்கொண்டிருந்ததை உடைப்பதே குற்றம் என்று வாதிட்டார் லினக்ஸை உருவாக்கியவரான லினஸ் டோர்வால்ட்ஸ். இரு தரப்பும் ஆன்ஸ்கமின் இரு பட்டியல்களில் ஆளுக்கொன்றைப் பற்றிக்கொண்டிருந்தன எனலாம்.

2011-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.14 பதிப்பில் கண்ட தீர்வு சமயநூல் மரபை அறிந்தவர்க்குப் புதிதன்று. கம்பைலரால் முன்னரே தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் பழைய நடத்தையும், புதியனவற்றுக்குப் புதிய நடத்தையும் ஒரே பெயரின் கீழ் வழங்கப்பட்டன. எபிரேய மறைநூலைக் காத்த மசோரெத்தியர் என்னும் அறிஞர்கள், மூலத்தில் பிழை என்று கருதத்தக்க இடங்களிலும் எழுத்தைத் தொடாமல் விட்டு, வாசிக்க வேண்டிய வடிவத்தை ஓரத்தில் குறித்தனர். எழுதப்பட்டது ‘கெதீவ்’, வாசிக்கப்படுவது ‘கெரே’. இரண்டும் அதிகாரம் உடையன.

தமிழ் இலக்கணிகளின் வழி சற்று வேறானது. விதிப்படி பிழையாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை அவர்கள் ‘வழுவமைதி’ என்றனர். பசுவை உவப்பினால் தாய் என்று உயர்திணையில் அழைப்பது அதற்கு எடுத்துக்காட்டு. (கணினித் தமிழில் நிரற்பிழைக்கும் இன்று ‘வழு’ என்றே பெயர் வழங்குவது பொருத்தமே.) இத்தகைய வழுவமைதி கம்பைலர்களிலும் உண்டு: ஜிசிசி என்னும் புகழ்பெற்ற கம்பைலரில் ‘டபிள்யூ-ஆல்’ என்றொரு விருப்பம் உண்டு. பெயர் ‘எல்லா எச்சரிக்கைகளும்’ என்று சொன்னாலும் அது எல்லாவற்றையும் இயக்குவதில்லை. பெயருக்கேற்ப நடத்தையைத் திருத்தினால், எச்சரிக்கையைப் பிழையாகவே கொள்ளுமாறு அமைக்கப்பட்ட நிரல்கள் ஒரே இரவில் தொகுபடாமல் நின்றுவிடும். ஆகவே பெயர் நிற்கிறது, அதில் அடங்காதவை உண்டு என்று கையேடு விளக்குகிறது.

எது பொருளை மாற்றாத திருத்தம் என்று சொல்லும் உரிமை யாருடையது என்பதே எஞ்சும் சிக்கல். வெளிப்படையான பிழைகளை முன்னனுமதியின்றித் திருத்தலாம் என்கிறது ஜிசிசியின் நெறி. ஆனால் ‘வெளிப்படை’ என்பதும் ஒரு பொருள்கோளே. 1989-ஆம் ஆண்டின் சி தரநிலை, தான் எவ்விதக் கட்டுப்பாடும் விதிக்காத ‘வரையறுக்கப்படாத நடத்தை’ எவ்வெவ்வாறு அமையலாம் என்று கூறுமிடத்தில் ‘அனுமதிக்கத்தக்க’ என்ற பொருளுடைய சொல்லைக் கொண்டிருந்தது. 1999-இல் அதனிடத்தில் ‘நேரக்கூடிய’ என்ற பொருளுடைய சொல் வந்தது, அவ்வாக்கியமும் கட்டுப்படுத்தாத குறிப்பாக இடம்மாறியது. இது வெறும் சொற்செப்பமா, கம்பைலர்களுக்கு வழங்கப்பட்ட புதிய சுதந்திரமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

தனியொருவர் ஆக்கிய படைப்புக்கு இச்சிக்கல் எளிது. ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கிய டொனால்ட் கனூத், தம் நூல்களில் பிழை காண்போருக்கு 2.56 டாலர் பரிசளித்துவந்தவர். டெக்கின் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்திலும் பை என்னும் கணித மாறிலியை நெருங்குமாறு அமைத்து, தம் மறைவுக்குப்பின் அதனைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும் என்றும், அதன்பின் எஞ்சும் வழுக்கள் யாவும் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும் அறிவித்துள்ளார். பலர் கூடி வளர்க்கும் கம்பைலருக்கு அத்தகைய இறுதி நாள் இல்லை. அதன் கையேட்டில் வழுவையும் இயல்பையும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் புதிதாகவே பிரித்தறிய வேண்டியுள்ளது.