காத்திருத்தல் பொறையாகுமா?

செவ்வாயை நோக்கிய மங்கள்யான் 2013 அக்டோபர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படுவதாக இருந்தது. தடை எழுந்ததோ தென் பசிபிக் கடலில். அங்குக் கடல் கொந்தளித்தமையால் 'நாளந்தா' என்னும் கண்காணிப்புக் கப்பல் உரிய இடத்தை அடையத் தாமதமாயிற்று. ஏவூர்தியின் நான்காம் கட்டம் எரிவதை அங்கிருந்தே காண இயலும். நவம்பர் 19க்குள் ஏவாவிடில் 2016 வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஆயினும் நாளைத் தள்ளினர். நவம்பர் 5 அன்றே ஏவினர். பன்னீராண்டு துன்பங்களைப் பொறுத்து வென்ற பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளித் திருநாள் அவ்விடைக்காலத்தில் வந்தது.

அவ்வெட்டு நாள்களும் காத்திருந்த விண்ணார்வலரைப் பொறையுடையார் எனலாமா? வேறு வழியின்றித் தாங்குவதை அகாம நிர்ஜரை என்பர் நம் ஆசாரியர். அதனாலும் சிறிது வினை உதிரும். அறிந்து, ஏற்றுத் தாங்குவதே தவம். (பேருந்து தாமதித்தால் நடத்துநரைக் கடியும் நமக்கு முன்னதும் அரிது!) கடலைச் சினந்தவர்க்கு வினைக்கட்டு மிகுந்ததேயன்றி அலை தணியவில்லை. கண்காணிப்பின்றி ஏவுதல் தகாதெனத் துணிந்தோர் நிலை வேறு. அவர்கள் தாமே காத்திருப்பை ஏற்றனர். அக்காரணத்தை உணர்ந்து உடன்பட்ட ஆர்வலரும் அவரோடு சேர்வர்.

கொந்தளிப்பில் கப்பல் செலுத்திய மாலுமியரை எவ்வகையில் சேர்ப்பது? அவர்கள் பணியை ஏற்றனர், அலையை வேண்டினாரல்லர். பணியை ஏற்றபோதே அதனோடு வரும் அலையையும் ஏற்றார் என்பது என் துணிபு. மாறாகக் கருதுவோரும் நம்முள் உளர்.