அச்சம் என்னும் ஆசான்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தங்கை மகன் அவிநாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு புது ஹெல்மெட். முகத்தில் ஒரு பரபரப்பு. திண்ணையில் உட்கார்ந்ததும் செய்தியைச் சொன்னான். கம்ப்யூட்டர்த் திரையில் கார்ப் பந்தயம் விளையாடுகிற பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, உண்மையான பந்தயக் காரில் ஏற்றிப் பார்க்கும் போட்டி ஒன்றில் அவன் முதற் சுற்றில் தேறிவிட்டானாம். இன்னும் ஆறு வாரத்தில் அடுத்த சோதனை. அது திரையில் நடப்பதில்லை. தார் போட்ட களத்தில் நடப்பது.

“உடம்பத் தயார் பண்றதுக்கு ஆள் இருக்குதுங்க மாமா. மனசை எப்படித் தயார் பண்றதுன்னு நீங்கதான் சொல்லோணும்” என்றான்.

கதை எழுதுகிறவனுக்கு மனித மனம் என்பது கைவந்த சரக்கு என்று உறவினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மயக்கத்தைக் கலைக்க எனக்கும் மனம் வருவதில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். அப்படி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டுப் பிள்ளை பந்தய வீரனாவது நடக்கிற காரியமா என்று வாசகர்கள் ஐயுறலாம். நடந்திருக்கிறது. 2008இல் நிஸ்ஸான் கார்க் கம்பெனியும் சோனி நிறுவனமும் சேர்ந்து ‘ஜி.டி. அகாடமி’ என்ற போட்டியைத் தொடங்கின. ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற வீடியோ விளையாட்டில் சிறந்தவர்களை அழைத்து, இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் களத்தில் வைத்துச் சோதித்துப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டு வென்றவர் லூக்காஸ் ஓர்டோனியேஸ் என்ற ஸ்பெயின் நாட்டு மாணவர். 2011இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது. அதே 2011இல், சுமார் 90,000 பேர் கலந்துகொண்ட போட்டியில், ஜான் மார்டன்பரோ என்ற பத்தொன்பது வயதுப் பிரிட்டிஷ் இளைஞர் வென்றார். இரண்டே ஆண்டில் அவரும் லே மானில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 2014இல் அந்தப் போட்டி இந்தியாவுக்கும் வந்தது. இப்போது அது நின்றுவிட்டாலும், அது திறந்துவிட்ட கதவு மூடவில்லை. 2023இல் மார்டன்பரோவின் கதையைச் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள்.

கோவைச் சீமைக்கு இந்த ஆசை புதிதும் அல்ல. பந்தயக் காரை நம் நாட்டிலேயே கட்டி, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் கொடுக்க வேண்டும் என்று முனைந்து ‘ஃபார்முலா மாருதி’ வண்டியை உருவாக்கியவர் கோவைக் கரிவர்தன். 1995இல் சிறு விமான விபத்தொன்றில் மறைந்த அவருடைய பெயரைத்தான் செட்டிபாளையத்துப் பந்தயக் களம் இன்று தாங்கி நிற்கிறது. அந்த வண்டியில் தொடங்கி, 1992இல் பதினைந்து வயதில் பிரான்ஸ் நாட்டுப் பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பயின்று, 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஆகவே என் மருமகனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

அவன் உடம்பைத் தயார் செய்வதைப் பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம். பிறகு கழுத்துக்கு ஒரு அப்பியாசம்: தலையில் ரப்பர்ப் பட்டையை மாட்டி ஒருவன் பக்கவாட்டில் இழுக்க, இவன் தலையை அசைய விடாமல் நிறுத்துகிறான். காரணம் கேட்டேன். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு ஏழு கிலோ எடை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது அந்த எடை இரண்டு மடங்காகிப் பக்கவாட்டில் இழுக்குமாம். ஒரு வளைவென்றால் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் சில நூறு வளைவுகள் வரும். மூடிய பந்தயக் காருக்குள் வெப்பம் ஐம்பது டிகிரியையும் தாண்டும். தீப்பிடிக்காத கனத்த உடையில் வேர்த்து வேர்த்து உடம்பின் நீர் வற்றிவிடும். நீர் வற்றினால் கை சோர்வதற்கு முன்னால் கவனம் சோர்ந்துவிடும்.

அந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் ஐம்பத்தைந்து மீட்டர் ஓடிவிடுகிறது. ஒரு முறை இமைத்து விழிப்பதற்குள் பதினெட்டு மீட்டர் பாதையைக் காணாமலே கடந்துவிடுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. இவ்வளவும் தெரிந்தபின், விடியற்காலை ஓட்டம் எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. கடைசிச் சுற்றிலும் கண்ணும் கருத்தும் கலையாமல் இருப்பதற்காக அவன் ஓடுகிறான். பக்கத்தில் வருகிற வண்டிக்காரன் உயிரோடு வீடு போய்ச் சேர்வதும் அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கிறது.

மனத்தைப் பற்றிப் பேசினோம். கண்ணை மூடிக்கொண்டு களத்தை முழுதும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பான். எந்த வளைவில் எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்று ஒன்று விடாமல் சொல்வான். இதெல்லாம் விளையாட்டு அவனுக்குக் கற்றுக்கொடுத்த செல்வம். அதை நான் குறைத்து மதிக்கவில்லை. பிறகு அவன் பெருமையோடு ஒன்று சொன்னான்:

“எனக்குப் பயம்ங்கறதே வர்றதில்லீங்க மாமா.”

எனக்குச் சுருக்கென்றது. “இதுவரை எத்தனை தடவை வண்டியை மோதியிருப்பாய், கண்ணு?” என்று கேட்டேன்.

சிரித்தான். “ஆருங்க எண்ணிப் பார்த்தா? ஆயிரம் இருக்கும்.”

ஆயிரம் முறை மோதியவன். ஒரு கீறலும் இல்லை. மோதியவுடன் ‘மீண்டும் தொடங்கு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் கண்ணாடி கூடிவிடுகிறது, சக்கரம் ஒட்டிக்கொள்கிறது, காலம் பின்னால் போய்விடுகிறது. எங்கள் ஊர்ப் பெயருக்கு அழிவில்லாதது என்று பொருள் சொல்வார்கள். அந்தத் திரைக்குள் என் மருமகன் உண்மையிலேயே ஓர் அவிநாசியாக வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

அவனுடைய கட்சியையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். “பயந்தவன் முன்னாலயே பிரேக்கை மிதிச்சிடுவானுங்க மாமா. அவன் எப்படி ஜெயிப்பான்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. பயத்தால் கை விறைத்தவன் தனக்கும் ஆபத்து, பிறருக்கும் ஆபத்து. ஆயிரம் முறை தவறி ஆயிரம் முறை திருத்திக்கொள்ளும் வசதி பழைய பந்தய வீரர்களுக்குக் கிடைத்திருந்தால் அவர்களில் பலர் இளமையில் மாண்டிருக்க மாட்டார்கள். ஆனால் நடுக்கம் வேறு, அச்சம் வேறு. நடுக்கம் உடம்பைச் சேர்ந்தது. பழகப் பழகப் போய்விடும், போகவும் வேண்டும். இழக்கக் கூடாதது எது என்று அறிந்திருப்பதற்குப் பெயர்தான் அச்சம். அது அறிவைச் சேர்ந்தது. அது போய்விட்டால் மிஞ்சுவதைத் தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்டன்பரோவின் வாழ்க்கையில் இன்னொரு நாள் உண்டு. 2015 மார்ச் 28 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில், ஒரு மேட்டைத் தாண்டும்போது அவருடைய கார் முன்பக்கம் தூக்கிக்கொண்டு காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. அவர் பிழைத்தார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இறந்தார். அவர்மீது குற்றம் சுமத்த நான் இதைச் சொல்லவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு அந்தக் களத்தில் சில இடங்களில் வேகத்துக்கே வரம்பு கட்டினார்கள், பாதையையும் திருத்தினார்கள். அதே ஆண்டில் அவர் மறுபடியும் லே மானில் ஓட்டினார். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தியும் திரும்பத் தொடங்க முடியாத ஒரு சுற்று உலகத்தில் உண்டு என்பதை அந்த இளைஞர் எவ்வளவு கொடிய விலைக்குக் கற்றுக்கொள்ள நேர்ந்தது!

நரேன் கார்த்திகேயன் பெயரோடு சேர்ந்த ஒரு பந்தயமும் நினைவுக்கு வருகிறது. 2005 ஜூனில் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயம். பயிற்சியின்போது ஒரு வண்டியின் டயர் கெட்டு, அது சுவரில் மோதியது. அந்தக் கம்பெனி டயரோடு அந்த ஒரு வளைவில் முழு வேகத்தில் போவது ஆபத்து என்று தெரிந்தது. பந்தயத்தன்று இருபது கார்கள் களத்தைச் சுற்றி வந்தன. தொடங்கும் கணத்தில் பதினான்கு கார்கள் ஒதுங்கிக் கொட்டகைக்குள் போய்விட்டன. மீதி ஆறு கார்கள் ஓடின. வேறு கம்பெனி டயர் போட்டிருந்த நம் ஊர்க்காரர் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். அந்தப் பந்தயத்தில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அவர் ஓட்டியது முறை. ஆனால் அந்தப் பதினான்கு பேர்? கூட்டம் கூச்சலிட்டது, களத்தில் புட்டிகளை வீசியது. அத்தனை ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்தியது கோழைத்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஓட்டுவதற்கு வேண்டிய துணிவு சில வேளைகளில் நிறுத்துவதற்கும் வேண்டியிருக்கிறது.

மறுநாள் மாலை மருமகனைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சுந்தரர் கதையை அறியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. இருந்தாலும் மறுபடி சொன்னேன். இந்தத் திருப்புக்கொளியூர்த் தெருவில் ஒரு வீட்டில் பூணூல் கலியாண மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கப் போனபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. இருந்திருந்தால் அவனுக்கும் அன்று பூணூல் என்பதால் பெற்றோர் அழுகிறார்கள். சுந்தரர் பாடினார், முதலை அந்தப் பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது, இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியோடும் சேர்த்து.

“இந்தக் கதையை ஏன் இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா?” என்று கேட்டேன். “முதலை திருப்பித் தருவதில்லை என்பதனால்தான். அது ஒரே ஒரு முறை நடந்ததென்று ஊர் நம்புகிறது. ஒரு மகான் பாட வேண்டியிருந்தது. உன் விளையாட்டில் முதலை நாளுக்கு நூறு தடவை பிள்ளையைக் கக்குகிறது. அதனால் பிள்ளையின் விலை உனக்குத் தெரியவில்லை.”

அவன் பேசவில்லை. இருவருக்கும் ஒரே நினைவு வந்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில் எங்கள் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ்மீது மோதியது. பத்தொன்பது பேர் மாண்டார்கள். அன்று எங்கள் ஊரில் பாடுவதற்குச் சுந்தரர் இல்லை.

வீடு திரும்பியதும் அவன் தன் அப்பிச்சியிடம் போய் உட்கார்ந்தான். என் தகப்பனார் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். திருப்பூர்ப் பனியன் மூட்டைகளோடு பம்பாய் வரை போய் வந்தவர். “உங்களுக்கு வண்டியில பயம் இருந்துச்சுங்களா, அப்பிச்சி?” என்று கேட்டான்.

கிழவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “இருந்துச்சு சாமி. எதிர்க்க வர்றவனும் என்ற வண்டியிலதான் உக்காந்திருக்கறான்னு நெனச்சுக்குவேன். அவனையும் சேத்துத்தான் ஓட்டுவேன்.”

நான் இரண்டு நாள் யோசித்துச் சேர்த்து வைத்திருந்த தத்துவமெல்லாம் அந்த ஒரு பேச்சில் முடிந்துவிட்டது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு சிறு ஏற்பாடுதான். “இன்றுமுதல் அந்தப் பொத்தானைத் தொடாதே. ஒரு முறை மோதினால் அன்றைய விளையாட்டு அவ்வளவுதான்; இயந்திரத்தை அணைத்துவிட்டு எழுந்து போ. மறுநாள்தான் மறுபடி” என்றேன்.

முதல் வாரம் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்த மூன்றாம் நிமிஷத்தில் மோதிவிட்டு, மாலை முழுவதும் சும்மா இருந்தான். சுற்றுக்கான நேரமும் கூடிப்போயிற்று. ஏதோ கெடுத்துவிட்டேனோ என்று எனக்கே கவலை. நான்காம் வாரம் பழைய நேரத்தை எட்டிப் பிடித்தான். அன்று இரவு போன் செய்தான்.

“மாமா, இன்னைக்குக் கை வேர்த்துப் போச்சுங்க. திரையில ஓட்டறப்ப இதுவரைக்கும் ஒருநாளும் இப்படி வேர்த்ததில்லீங்க.”

“வண்டி?”

“மோதலீங்க.”

நாளை விடியற்காலை சோதனைக்குப் புறப்படுகிறான். அவன் தேர்ந்தெடுக்கப்படலாம், படாமலும் போகலாம். அவனைவிட வேகமான பிள்ளைகள் பலர் வருவார்கள். ஜெயிக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன், மாமன் அல்லவா? ஆனால் ஹெல்மெட்டை மாட்டும்போது அவன் கை கொஞ்சம் வேர்க்கட்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல். ஜெயித்தாலும் தோற்றாலும் அவன் வீட்டுக்குத் திரும்பி வரப்போவது இந்த நெடுஞ்சாலை வழியாகத்தான். அங்கே எதிரே வருகிறவர்களுக்கு அவன் எத்தனையாவது இடம் பெற்றான் என்பதைப் பற்றி அக்கறை இல்லை.