பழைய மரமும் புதிய பாத்தியும்

பழையது என்பதனாலேயே ஒன்றைப் போற்றுவதா? பழையது என்பதனாலேயே அதனைத் தள்ளுவதா? இவ்வினா சான்றோர் அவைக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக் கொல்லையில் காய்கறிப் பாத்தி அமைக்க முற்படும் இல்லறத்தார்க்கும் உரியது.

திருவனந்தபுரத்துத் தம்பானூர் தாழ்ந்த நிலம். 1931ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இருப்புப்பாதை நிலையத்தின் அடியிலே ஆமயிழஞ்சான் தோடு ஓடுகிறது. இரு பருவ மழையும் பெய்யும் ஊராதலின், பெருமழை நாளில் தெருவெல்லாம் நீர் தேங்கும். அதனை வடிக்க 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் திட்டத்தையே அரசு மேற்கொள்ள நேர்ந்தது. இத்தகைய ஈர நிலத்தில் தரையில் இட்ட விதை அழுகும். ஆகவே நாற்புறமும் பலகை நிறுத்தி, ஓரடி அல்லது ஒன்றரை அடி உயரம் மண் நிரப்பிய மேட்டுப்பாத்தியே பொருந்தும். அகலம் நான்கடி போதும். இருபுறமும் நின்று கை எட்டும். மண்ணை மிதிக்க நேராது. அடிப்புறம் திறந்திருந்தால் மிகைநீர் வடியும். செம்மண்ணும் மக்கிய சாணமும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பினால் வெண்டையும் கத்தரியும் தண்டுக்கீரையும் செழிக்கும்.

பலகைக்குப் புதுமரம் வேண்டா. இடிக்கப்படும் பழைய ஓட்டு வீடுகளின் உத்தரங்களும் சட்டங்களும் விலைக்குக் கிடைக்கின்றன. தேக்கு, பலா, மலையாள நாட்டார் ஆஞ்ஞிலி என வழங்கும் அயினி ஆகியவை மழையையும் கறையானையும் நெடுநாள் தாங்குவன. ஒரு தலைமுறைக்குக் கூரை தாங்கிய மரம் மறு தலைமுறைக்குக் கீரை வளர்க்கிறது. அதனை அடுப்பில் இடாமல் பாத்தியாக்குவது சிக்கனம் மட்டுமன்று, நன்றியறிதலுமாகும்.

எனினும் நன்றி ஒன்றே போதுமா? இருப்புப்பாதையிலிருந்து கழிக்கப்பட்ட சிலீப்பர் கட்டைகளும் பழைய மரமே. அவை கனமானவை, உறுதியானவை. ஆனால் அவை உளுத்துப் போகாதிருக்க ஊட்டப்பட்ட கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் நச்சுடையது. அது மண்ணிலும் கசியும். பழைய கதவின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்னும் விதி இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. கட்டையால் பணம் மிச்சப்படுத்தியவர் தந்தை. அதன் நஞ்சை உண்பது குழந்தை. ஒருவர் செய்யும் சிக்கனத்தின் விலையை வேறொருவர் கொடுப்பது அறமாகாது. ஆகவே பழைய மரத்தை ஏற்குமுன், 'நீ எங்கே இருந்தாய்? உன்னுள் எதனை ஊட்டினார்கள்?' எனக் கேட்டல் வேண்டும்.

செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தெரிந்து தெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது இன்றேல் நாம் வேரற்றவர். பின்னது இன்றேல் கண்ணற்றவர்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மண்ணில் வாழும் நமக்கு இது மரத்தோடு முடியும் செய்தியன்று. நாம் சுமந்து வந்தவற்றுள் தாய்மொழியும் விருந்தோம்பலும் பொங்கற் பானையும் பலாப்பலகை போன்றவை. சாதிச் செருக்கும் வரதட்சணையும் தார் ஊறிய கட்டைகள். 'இதுவும் நம் மரபே' என்று சொல்லி இவற்றையும் பிள்ளைகளின் பாத்தியில் நட்டுவிடுகிறோம்.

திருவிதாங்கூர் மண்ணே இதற்குச் சான்று தரும். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் எழுந்தது. ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் அதில் சிறை புகுந்தார். 1936 நவம்பர் 12இல் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச அறிக்கையை வெளியிட்டார். கோயில் இடிக்கப்படவில்லை, அடைத்து வைத்த வாயிலே திறக்கப்பட்டது. மரம் நின்றது, நஞ்சு நீங்கியது.

முன்னோர் தந்ததை ஆராய்வது நன்றிகேடு என்பாரும் உளர். பெயரன் உண்ணும் கீரையில் நஞ்சு கலப்பதை எந்தப் பாட்டன் விரும்புவான்? அவன் தந்ததைத் தேர்ந்து கொள்வதே அவன் விருப்பத்தை நிறைவேற்றுவது. ஆராயாமல் காத்தல் சோம்பல்; ஆராயாமல் எறிதல் செருக்கு. தேர்ந்து காத்தலே நன்றி.