வென்றவரை வியப்பது தகுமா?

வெற்றி பெற்றவரை ஏன் வியக்க வேண்டும் என்ற கேள்வியைத் தமிழில் முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர் கணியன் பூங்குன்றனார். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்து மகிபாலன்பட்டியே அவரது பூங்குன்றம் என்பர். ஆற்றுநீர் இழுத்த வழியே தெப்பம் போவதுபோல உயிரும் முறைவழியே போகிறது. ஆதலால் பெரியோரைக் கண்டு வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பது புறநானூறு 192-ஆம் பாடலின் கருத்து.

இதை உரைத்துப் பார்க்க நெதர்லாந்து மிதிவண்டி வீரர் யோப் சூட்டமெல்கின் வாழ்க்கை நல்ல கல். 1946-இல் பிறந்த அவர் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1970, 1971, 1976, 1978, 1979, 1982 என ஆறு முறை இரண்டாமிடம் பெற்றார். அவற்றுள் ஐந்தில் அவருக்கு முன்னே நின்றவர்கள் எடி மெர்க்ஸும் பெர்னார் ஈனோவும். ஆளுக்கு ஐந்து முறை வென்றவர்கள். வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் சூட்டமெல்கின் பெயர் இன்னும் ஓங்கியிருக்கும். 1980-இல் நிலைமை தலைகீழானது. முன்னணியில் இருந்த ஈனோ முழங்கால் வலியால் விலக, இரண்டாவதாக வந்துகொண்டிருந்த சூட்டமெல்க் வென்றார். அது ஈனோவின் முழங்கால் தந்த பரிசு என்றால், முந்தைய தோல்விகளில் சில மெர்க்ஸ் பிறந்த காலம் தந்தவை என்றும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஊழைக் காரணம் காட்டுவது நியாயமாகாது.

அப்படியானால் முயற்சிக்கு என்ன இடம்? திருக்குறள் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஊழைவிட வலியது எது என்று 38-ஆம் அதிகாரம் கேட்கிறது. தளராது உழைப்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று 62-ஆம் அதிகாரம் முடிகிறது. 1974-இல் வேறொரு பந்தயத்தில் மோதி மண்டையில் பலத்த காயம்பட்ட சூட்டமெல்க் மீண்டு வந்தார். பங்கேற்ற 16 டூர் பந்தயங்களையும் ஓட்டி முடித்தார். 1985-இல், 38 வயதில், உலக வாகையர் ஆனார். தளராமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் மீண்டெழும் உடல் வாய்த்ததும் அவர் கையில் இல்லாதது. உழைப்பை மதிக்கலாம், அதனால் ஒருவரைப் பிறரினும் உயர்ந்த பிறவியாகக் கருத இடமில்லை.

செட்டிநாட்டு மாட்டுவண்டிப் பந்தயத்தில் இது இன்னும் வெளிப்படை. பெரிய மாடு, சின்ன மாடு எனப் பிரித்து ஓட்டும் பந்தயத்தில் வெற்றி மாட்டுக்கும் சாரதிக்கும் உரிமையாளருக்கும் பங்காகிறது; புகழைத் தனியொருவர் தலையில் ஏற்ற முடியாது.

பூங்குன்றனாரின் பாட்டில் இகழாமைக்கே அழுத்தம் அதிகம். 1979-இல் ஊக்கமருந்துக்காகச் சூட்டமெல்குக்கு 10 நிமிடம் தண்டனையாகக் கூட்டப்பட்டது. குற்றத்துக்குத் தண்டனை முறையானதே. அதைக் காட்டி அவரை இழிந்தவர் என்பதைத்தான் பூங்குன்றனாரின் நெறி மறுக்கிறது. வென்ற நாளில் தலைக்குமேல் தூக்காதவர்கள் பிழைத்த நாளில் அவரைக் காலில் போட்டு மிதிக்க வேண்டியதும் இல்லை.