காத்திருத்தலின் அறம்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. உண்டு உறங்கி, பெற்றோரோடும் மக்களோடும் வாழும் இல்லம் ஒன்று. பிறவித் தளை நீங்கி எம்பெருமான் திருவடி சேரும் பேறு மற்றொன்று. இவ்விரு வீடுகளையும் நோக்கிச் செல்லும் மனிதன் பெரிதும் தடுமாறும் இடம், புறப்படும் இடமுமன்று, சேரும் இடமுமன்று. இடையில் காத்திருக்கும் இடமே. இரண்டாம் வீட்டின் வழியை ஆசாரியர்கள் விரித்துரைத்துள்ளனர். பிள்ளை லோகாசாரியர் 'அர்ச்சிராதி' என்ற பெயரிலேயே ஒரு நூல் அருளினார். முதல் வீட்டுக்குத் திரும்பும் வழியோ, அதிலும் இக்காலத்து ஆகாய வழியோ, எளியதெனத் தோன்றினும் ஆழ்ந்த ஓர் அறவினாவை எழுப்புகின்றது. தாமதம் நேரும்போது மனிதன் கோபம் கொள்வது தகுமா? தகுமெனில் யார் மீது, எவ்வளவு?

விமானப் பயணம் செல்வந்தருக்கே உரியதாக இருந்த காலம் மலையேறிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் பல மணலி புதுநகரில் வேரூன்றின. அவர்களின் பிள்ளைகளுள் சிலர் இன்று வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். 1969ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து விமான எரிபொருள் நிலத்தடிக் குழாய் வழியே மீனம்பாக்கம் செல்கின்றது. எரிபொருள் ஆரவாரமின்றிச் சென்று சேர்கிறது. அதே ஊரில் விடுமுறை கழித்துப் பணிக்குத் திரும்பும் மகனோ, பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, பொன்னேரி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கிடையே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செல்கிறான். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்ட பின்னர் இத்துயரம் ஓரளவு குறைந்தது. ஆயினும் நிலையத்தை அடைந்த பின் தொடங்கும் காத்திருப்புக்கு மாற்று வழி எதுவும் இல்லை.

விடுமுறைக்குப் போகும்போது நேரும் தாமதத்தைவிடத் திரும்பும்போது நேரும் தாமதம் கொடியது. போகும்போது கையில் நாட்களும் பணமும் மனத்தில் ஆவலும் உள்ளன. திரும்பும்போது பணம் செலவாகிவிட்டது, குழந்தைகள் களைத்துவிட்டனர், மறுநாள் காலை பணிக்கு வருவதாகச் சொல்லியாயிற்று. அயல்நாட்டில் கூலிக்கு உழைப்பவனுக்கு அது ஒரு நாள் சம்பளம். இணைப்பு விமானம் தவறினால் இன்னும் பெரிய இழப்பு. ஆகவே தாமதத்தைக் கண்டு வருந்துபவனை நோக்கி, 'இதுவும் ஒரு துன்பமா?' என்று எள்ளுவது நல்லோர்க்கு அழகன்று.

துன்பங்களை நம் பெரியோர் மூவகையாகப் பிரித்தனர். காற்று, மழை முதலியவற்றால் வருவது ஆதிதைவிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். தன் உடலாலும் உள்ளத்தாலும் வருவது ஆத்யாத்மிகம். மூன்றும் ஒருங்கே கலந்து நிற்கும் இடம் விமான நிலையம். அவற்றைப் பிரித்தறிய இயலாத மனமே அங்கு அறம் பிழைக்கின்றது.

முதலாவதைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டின் எரிமலை ஒன்று சாம்பலை உமிழ்ந்தது. ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரு வாரம் மூடப்பட்டது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் வழியில் நின்றனர். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. 2023 டிசம்பர் 4ஆம் நாள் மிக்ஜாம் புயலின்போது மீனம்பாக்கத்து ஓடுபாதை நீரில் மூழ்கியது. அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர, மீனவர்தம் படகுகளும் வலைகளும் கறுத்தன. ஒரே மழையில் ஒருவன் பயணத்தின் ஒரு நாளை இழந்தான். மற்றொருவன் பிழைப்பின் பல நாட்களை இழந்தான். இதனால் முதல்வனின் வருத்தம் பொய்யாகிவிடாது. ஆனால் அதன் அளவு விளங்கிவிடும். புயலின் மீது கோபம் கொள்வார் இல்லை. அதில் பறக்க மறுக்கும் விமானி பயணியின் பகைவன் அல்லன். அவன் உயிருக்குக் காவலன்.

இரண்டாவது வகை வேறானது. 2024 ஜூலை 19 அன்று ஒரு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றினால் உலகெங்கும் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தனர். 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்தின் சேவை குலைந்து, டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது முதலான புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களையும் அட்டவணையையும் போதிய அளவு ஒழுங்கு செய்யாமையே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. அவ்விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. மற்ற நிறுவனங்களின் கட்டணம் ஏறியபோது அரசு அதற்கு உச்சவரம்பு விதித்தது. ஓய்வு விதிகளுள் சிலவும் அந்நிறுவனத்துக்குத் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. பயணிகள் வீடு சேர வேண்டும் என்பதற்காக அவர்களைச் சுமந்து செல்பவரின் ஓய்வு குறைந்தது. ஒருவர் கடமை தவறினால் அதன் பாரம் எங்கெங்கோ சென்று இறங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய இடத்தில், 'எல்லாம் எம்பெருமான் திருவுள்ளம். பொறுத்துப் போவதே பக்தனுக்கு அழகு' என்று கூறுவோர் உளர். இக்கூற்றைச் சற்று ஆராய்தல் வேண்டும். தனக்கு நேர்ந்ததை அவன் சித்தமென ஏற்பது பொறுப்பவனின் பெருமை. பிறர்க்குத் தீங்கு விளைத்தவன் அதே சொல்லைத் தனக்குக் கேடயமாக்கிக் கொள்வது அறமாகாது. பொறுமை பயணிக்கு அணி. நிர்வாகத்துக்கு அது மன்னிப்புச் சீட்டு அன்று. விமானம் ஏற இடம் மறுக்கப்படுதல், ரத்து, தாமதம் ஆகியவற்றுக்கென நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010ஆம் ஆண்டு விதிகளை வகுத்துப் பின்னர் அவற்றைத் திருத்தியும் உள்ளது. தாமதம் குறித்த அளவைக் கடந்தால் உணவும் சிற்றுண்டியும் தருதல், ரத்தானால் மாற்று விமானமோ பணமோ தருதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நிறுவனத்தின் கைக்கு மீறிய அசாதாரண நிலைகளில் இழப்பீட்டிலிருந்து விலக்கும் உண்டு. தெய்வத்தால் வந்ததற்கும் மனிதரால் வந்ததற்கும் பெரியோர் கண்ட வேறுபாட்டைச் சட்டமும் கண்டுள்ளது. உரிமையைக் கேட்டுப் பெறுதல் கோபமன்று. அமைதியாகக் கேட்பவன், தனக்குப் பின் வரிசையில் நிற்கும் முதியவருக்கும் வழி செய்கிறான்.

மூன்றாவதே கடினமானது. 2024 ஜனவரி 14 அன்று டெல்லியில் கடும் மூடுபனி. கோவா செல்லவேண்டிய விமானம் ஒன்று பல மணி நேரம் தாமதமாயிற்று. முந்தைய குழுவின் பணிநேரம் முடிந்துவிட்டமையால் மாற்றாக வந்த விமானி தாமதச் செய்தியை அறிவித்துக் கொண்டிருக்கையில், பயணி ஒருவர் ஓடி வந்து அவரை அடித்தார். காரணம் பனி, அடி வாங்கியவர் வழி திறக்க வந்தவர். கோபத்தினின்று மயக்கமும், மயக்கத்தினின்று நினைவுத் தடுமாற்றமும், அதனின்று புத்தி நாசமும் விளையும் என்று கண்ணபிரான் பார்த்தனுக்கு உரைத்த படிகள் அனைத்தையும் ஒரு கணத்தில் அந்நிகழ்ச்சி காட்டிற்று. நாள்தோறும் கவுண்டரில் நிற்கும் இளம் பெண்கள் கேட்கும் வசைகள் செய்தித்தாளில் வருவதில்லை. அவர்கள் அட்டவணையை வகுத்தவர் அல்லர். விமானத்தைத் தாமதப்படுத்தியவரும் அல்லர். பெரியவரை எட்ட முடியாதபோது கைக்கெட்டிய எளியவரைத் தாக்குவது கோபத்தின் இயல்பு. தாக்குபவன் அதற்கு நியாயம் என்று பெயர் வைத்துக் கொள்வதே அதனினும் பெரிய மயக்கம்.

இங்கு ஓர் ஐயம் எழும். திருமலையில் அடியார்கள் பல மணி நேரம் கூண்டுகளில் காத்திருக்கின்றனர். அங்கே எவரும் எவரையும் அடிப்பதில்லை. அதே மனிதன் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் பொறுக்க மாட்டாதது ஏன்? பக்தி என்பது உடனே தோன்றும் விடை. அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. திருமலையில் காத்திருப்பவன் தான் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை அறிவான். பசித்தால் உணவும், குழந்தைக்குப் பாலும் கிடைக்கின்றன. அருகில் இருப்பவனும் தன்னைப்போலவே காத்திருக்கிறான். விமான நிலையத்திலோ பலகையில் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, காரணம் சொல்வாரில்லை. திருமலையிலும், வரிசையைத் தாண்டி ஒருவர் முன்னே அழைத்துச் செல்லப்படுவதைக் கண்டால் அடியாரின் முகமும் வாடத்தான் செய்கிறது. ஆகவே மனிதனை வெகுளச் செய்வது நேரத்தின் நீளம் மட்டுமன்று. அறியாமையில் விடப்படுதலும், சமமாக நடத்தப்படாமையும், கவனிப்பாரின்மையுமே ஆகும்.

இவ்வுண்மையை ஆகாய வழியில் வீடு திரும்பிய ஒரு பெரும் பயணமே நமக்குக் கற்பிக்கின்றது. இலங்கையிலிருந்து இராமபிரான் புஷ்பக விமானத்தில் புறப்பட்டான். பதினான்கு ஆண்டுகள் நிறைவுறும் நேரம். குறித்த நாளில் அண்ணன் வாராவிடில் தீப்புகுவதென்று பரதன் சூளுரைத்திருந்தான். ஆயினும் வழியில் விமானம் நின்றது. கிஷ்கிந்தையில் வானர மகளிரையும் உடன் அழைத்துச் செல்லப் பிராட்டி விரும்பினாள் என்று வான்மீகி முனிவர் கூறுவார். பின்னர்ப் பரத்துவாச முனிவரின் ஆசிரமத்திலும் தங்க நேர்ந்தது. ஒருவருக்கு விருந்தான தாமதம், தொலைவில் காத்திருக்கும் மற்றொருவனுக்கு மரணமாகக் கூடும். இராமபிரான் செய்தது என்ன? தன் வரவை அறிவிக்க அனுமனை முன்னே அனுப்பினான். நந்திக்கிராமத்தில் தீ மூட்டப்பட்ட வேளையில் அனுமன் வந்து பரதனைக் காத்ததைக் கம்பநாட்டாழ்வார் உள்ளம் உருகப் பாடியுள்ளார். பரதனைக் காத்தது அண்ணன் வருகிறான் என்ற செய்தி. தாமதத்தைத் தவிர்க்க இயலாத இடங்கள் உண்டு; செய்தி சொல்லாதிருப்பதற்கு இடமே இல்லை. விமானம் நடத்துவோர் கற்க வேண்டிய அறம் இதுவே. நிலையத்தில் நின்றுகொண்டு, மணலியில் விழித்திருக்கும் தாய்க்கு, 'நான் நலம். விமானந்தான் தாமதம்' என்று ஒரு சொல் சொல்ல மறக்கும் மகனுக்கும் இதுவே பாடம்.

காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்கது யாது என்பதற்கும் திருவரங்கத்தின் வரலாறு விடை தரும். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு அடியார்கள் அரங்கத்தை விட்டு நீங்கினர். வழியிலேயே பிள்ளை லோகாசாரியர் திருநாடு அலங்கரித்தார். கேரளம், மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களைக் கடந்து பெருமாள் மீண்டும் கோயில் சேர்ந்தது 1371ஆம் ஆண்டில். இடையில் 48 ஆண்டுகள். உடன் சென்றோர் அனைவரும் திரும்பும் நாளைக் கண்டாரல்லர். ஆயினும் பெருமாளைப் பேணும் கைங்கரியத்தை அவர்கள் வழியில் கைவிடவில்லை. வழியையும் அவர்கள் திருத்தலமாகவே கொண்டனர். ஆறு மணி நேரம் காத்திருக்கும் பயணிக்கும், களைத்த தாயின் குழந்தையைச் சற்று ஏந்திக்கொள்ளலாம். பலகையைப் படிக்க இயலாத முதியவருக்குச் செய்தி சொல்லலாம். முதற்பயணம் செல்லும் தொழிலாளிக்குப் படிவம் நிரப்பித் தரலாம். கைங்கரியம் என்பது கோயில் மதிலுக்குள் மட்டும் நிகழ்வதன்று.

எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இதுவாகும். தெய்வச் செயலால் வரும் தாமதத்தைப் பொறுத்தல் அறிவு. மனிதர் தவறால் வரும் தாமதத்துக்கு விளக்கமும் ஈடும் கேட்டல் நீதி. அதைப் பொறுப்புடையாரிடம் கேட்டல் வேண்டும், எதிரில் நிற்கும் எளியாரிடம் அன்று. தன் உள்ளத்தில் எழும் தீயை அணைத்தல் தன் கடமை. அதற்கு மட்டும் வேறெவரையும் பொறுப்பாக்க இயலாது. நந்திக்கிராமம் சேர்ந்ததும் புஷ்பகத்தை அதற்குரிய குபேரனிடமே இராமபிரான் திருப்பி அனுப்பிவிட்டான். ஏறி வந்த ஊர்தி எத்துணைச் சிறந்ததாயினும் அது வீடாகாது. அதில் இழந்த சில மணி நேரத்துக்காக, கொண்டு சேர்க்க வேண்டிய அன்பை வழியிலேயே எரித்துவிட்டு வெறுங்கையோடு வாயிற்படி ஏறுதல் பேரிழப்பு.

திருவிழாச் சேவித்துத் திரும்பும் அடியார்கள் பேருந்திலோ இரயிலிலோ விமானத்திலோ செல்வர்; எங்கேனும் சிறிது காத்திருக்கவும் நேரும். கருடவாகனன் அவர்களை இனிதே இல்லம் சேர்த்து, இடைவழியில் இன்சொல் மாறாத உள்ளத்தையும் அருள்வானாக.