கிளறும் ஞாயிறு

கிறிஸ்துமஸ் புட்டிங் இங்கிலாந்தில் ஆவியில் அவித்துச் செய்யும் பண்டிகைப் பலகாரம். உலர்திராட்சை வகைகள், ரொட்டித் தூள், மாவு, முட்டை, கரும்பழுப்புச் சர்க்கரை, மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், கொஞ்சம் பீர், கொஞ்சம் பிராந்தி எல்லாம் அதில் சேரும். டிசம்பர் 25 அன்று விருந்தின் கடைசியில் மேசைக்கு வரும் இந்தப் பலகாரத்துக்கு வீடுகளில் வேலை தொடங்குவது நவம்பர் கடைசியில், அட்வெந்து எனும் வருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சமைத்த நாளுக்கும் உண்ணும் நாளுக்கும் நடுவே நான்கைந்து வாரம். கடவுளின் பெயரால் ஒரு நாளைக் கொண்டாடும்போது சமையலறை பக்திக்குத் துணையா, இடையூறா? உண்பதும் ஒரு வழிபாடாக முடியுமா? இந்தக் கேள்விகளுக்காக இங்கிலாந்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். தெருவில் கடைகளை உடைத்தும் இருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்குக் ‘கிளறும் ஞாயிறு’ என்று பேர். பேரைக் கொடுத்தது சமையல் அல்ல, ஒரு ஜெபம். 1549இல் வெளிவந்த முதல் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில், சபை ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கு உரிய சிறு ஜெபம், விசுவாசிகளின் மனத்தைக் கிளர்ந்தெழச் செய்யும்படி கடவுளிடம் கேட்டுத் தொடங்குகிறது. நற்செயல் என்னும் கனிகளை அவர்கள் நிறையக் கொடுக்க வேண்டும் என்று தொடர்கிறது. லத்தீனில் நெடுங்காலம் சொல்லப்பட்ட பழைய ஜெபத்தின் மொழிபெயர்ப்பு அது. தமிழில் கிளர்வதும் கிளறுவதும் ஓர் எழுத்து தள்ளி நிற்கின்றன. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். கோவிலில் அந்தச் சொல்லும் கனி என்ற சொல்லும் காதில் விழுந்தபோது, வீட்டில் காத்திருக்கும் பழமும் பாத்திரமும் பெண்களுக்கு நினைவு வந்தன. பாடகர் குழுச் சிறுவர்கள் ஜெபத்தின் வரிகளையே புட்டிங்கைப் பற்றித் திருப்பிப் போட்டுப் பாடினார்கள். புனிதம் கெட்டுவிட்டது என்று யாரும் அலறவில்லை. ஒரு ஜெபம் மக்களுடைய வாரத்துக்குள் புகுந்து அவர்கள் வேலைக்குப் பேர் வைத்துவிட்டுப் போனது சின்ன விஷயமல்ல.

செய்முறை அவசரத்துக்கு இடம் தராதது. முந்தின இரவே பழங்களைப் பிராந்தியில் ஊறப்போடுவார்கள். மறுநாள் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கொட்டினால், கலவை மரக்கரண்டியைப் பிடித்து நிறுத்தும் அளவு கெட்டியாக இருக்கும். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கித்தான் ஆகவேண்டும். வீட்டில் உள்ள எல்லாரும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தை உட்பட, முறை வைத்துக் கிளறுவதும், கிளறும்போது மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்வதும் வழக்கம். சில வீடுகளில் ஒரு சின்ன வெள்ளிக் காசையும் உள்ளே போடுவார்கள். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம்.

பிறகு வெண்ணெய் தடவிய பீங்கான் கிண்ணத்தில் கலவையை அழுத்தி நிரப்பி, மேலே எண்ணெய் ஒட்டாத தாளை நடுவில் ஒரு மடிப்பு விட்டு மூடி, கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே நூலால் இறுகக் கட்டுவார்கள். வேகும்போது புட்டிங் உப்பும். அந்த மடிப்பு அதற்கு இடம் கொடுக்கும். அதே நூலைக் குறுக்கே கொண்டுபோய்க் கட்டினால் சூட்டோடு தூக்கக் கைப்பிடி ஆயிற்று. பானையின் அடியில் கவிழ்த்து வைத்த சிறு தட்டு, அதன்மேல் கிண்ணம், கிண்ணத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர், இறுக்கமான மூடி. இனி ஆறு முதல் எட்டு மணி நேரம். தண்ணீர் வற்ற வற்றக் கொதிநீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிவிடும். வெண்ணெயைவிட மெதுவாக உருகும் அந்தக் கொழுப்பு, மாவு உருக்கொள்ளும் வரை தாங்கி நின்று, பிறகு கரைந்து, தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனாலும் அத்தனை மணி நேரத்தில் சர்க்கரையும் புரதமும் மெல்ல மெல்ல வினைபுரிந்து, பழுப்பாக உள்ளே போனதைக் கன்னங்கரேலென்று வெளியே அனுப்பும்.

இந்த வேலைக்குப் பக்தியுள்ளவர்கள் அர்த்தங்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பதின்மூன்று பொருள்கள் சேர வேண்டும், அவை கிறிஸ்துவும் பன்னிரண்டு சீடர்களும். கரண்டி கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்ற வேண்டும், ஞானிகள் கிழக்கிலிருந்து வந்தார்கள். உச்சியில் செருகும் ஹாலி இலை முள்முடி. மேலே பிராந்தி ஊற்றிக் கொளுத்தும் நீலச் சுடர் கிறிஸ்துவின் அன்பு அல்லது பாடு. கேட்க அழகான விளக்கங்கள்தாம்; ஆனால் பண்டத்துக்குப் பின்னால் வந்தவை. இதன் மூதாதை இறைச்சி, உலர்பழம், மசாலா, ரொட்டித் தூள் போட்டுக் காய்ச்சிய இடைக்காலக் கூழ். பதினேழாம் நூற்றாண்டில் துணியில் மூட்டையாகக் கட்டி வேகவைக்கும் வழக்கம் பரவியபின் அது உருண்டையாயிற்று. எலிசா ஆக்டன் 1845இல் தம் சமையல் நூலில் ‘கிறிஸ்துமஸ் புட்டிங்’ என்ற பேரிலேயே செய்முறை தந்தார். பழைய செய்முறைகளில் பொருள்களின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு கூடும், குறையும். பதின்மூன்று என்று எண்ணி முடித்துவிட்டால் புட்டிங் புனிதமாகிவிடும் என்றால், பதினான்காவதாக ஓர் ஆப்பிளைத் துருவிப் போட்டவர் வீட்டில் என்ன குறைந்தது? இதன் சமய அர்த்தத்தை அடையாளங்களின் பட்டியலில் தேடுவது தவறான இடத்தில் தேடுவது.

சரியான இடம் எது என்று காண, இதற்கு எதிராக நின்றவர்களை முதலில் கேட்க வேண்டும். வேதத்தில் இல்லாத சடங்குகளைச் சபையிலிருந்து களைய நினைத்த பியூரிட்டன்கள், சிரிப்பைக் கண்டாலே முகம் சுளித்தவர்கள் என்ற பேச்சு அவர்களுக்கு இழைக்கும் அநியாயம். அவர்கள் வாதம் கனமானது. கிறிஸ்து பிறந்த தேதியை வேதம் சொல்லவில்லை. கொண்டாடும்படி கட்டளையும் இல்லை. கடவுள் ஏற்படுத்திய பரிசுத்த நாள் ஓய்வுநாள் ஒன்றே. மனிதன் தானாக ஒரு நாளைப் பரிசுத்தமாக்கினால் மற்ற நாள்களைத் தாழ்த்துகிறான். அதோடு, பன்னிரண்டு நாள் குடியும் சூதும் கும்மாளமுமாகக் கழிவதைக் கிறிஸ்துவின் பேரில் ஏற்றுவது அவரை அவமதிப்பது.

மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்த வாதம் அதிகாரத்துக்கு வந்தது. மாதத்தின் கடைசிப் புதன்கிழமையைப் பாராளுமன்றம் உபவாச நாளாக வைத்திருந்தது. 1644இல் டிசம்பர் 25 அந்தப் புதனில் விழுந்தது. பண்டிகையா, பட்டினியா? பட்டினிதான் என்று பாராளுமன்றம் முடிவு செய்தது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய திருநாள்களையே ஆணையிட்டு ஒழித்தது. புட்டிங்கைத் தடைசெய்த சட்டம் என்று பலர் இன்றும் சொல்வதுண்டு. அந்த ஆணை ஒழித்தது பண்டிகையை, பலகாரத்தை அல்ல. அதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இழந்த விடுமுறைகளுக்கு ஈடாக, வேலையாட்களுக்கும் தொழில் பழகுபவர்களுக்கும் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஓய்வு தரப்பட்டது. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஓய்வு கிடைத்தது; ஆனால் அந்தச் செவ்வாய்க்கு ஒரு கதையும் இல்லை, பாட்டும் இல்லை, பானையும் இல்லை.

மக்கள் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று கேன்டர்பரியில் கடைகளைத் திறந்து வைக்கும்படி நகர அதிகாரம் சொன்னது. திறந்த சில கடைகளைக் கூட்டம் சூறையாடியது. சரக்கைத் தெருவில் வீசியது. பிளம் புட்டிங் கலகம் என்று பிற்காலத்தார் அதற்குப் பேர் வைத்தார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியபோது பண்டிகையும் திரும்பியது. ஸ்காட்லாந்தில் மறுப்பு இன்னும் ஆழமாக ஊன்றியிருந்தது. அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது 1958இல்தான்.

பியூரிட்டன்களுக்கான மிகச் சிறந்த பதில் அந்தக் கலகத்துக்கு ஐம்பது ஆண்டு முன்னரே எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்து சபையின் இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கர் திருச்சபையின் ஒழுங்குகளைப் பற்றிய தம் பெருநூலின் ஐந்தாம் புத்தகத்தை 1597இல் வெளியிட்டார். கடவுளில் மகிழும் மனம் இயல்பாக மூன்று விதத்தில் வெளிப்படும் என்கிறார்: துதி, அன்றாட அளவைத் தாண்டிய தாராளம், வழக்கமான வேலையிலிருந்து ஓய்வு. நடுவில் நிற்கும் தாராளத்தை அவர் தரும கைங்கரியத்தோடு சேர்த்தே பேசுகிறார். திருநாளில் கூடுதலாகச் சமைப்பது நாவுக்காக மட்டும் என்றால் பியூரிட்டன் சொன்னது சரியாகிவிடும். கூடுதலாகச் சமைத்தது இன்னொரு இலைக்குப் போனால் அது துதியின் இன்னொரு வடிவம். பியூரிட்டன் ஆணை துதியை ஞாயிற்றுக்கு வைத்தது, ஓய்வைச் செவ்வாய்க்கு வைத்தது, தாராளத்துக்கு மட்டும் நாள் குறிக்கவில்லை.

இதற்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: சடப்பொருள் அருளைத் தாங்குமா? எட்டாம் நூற்றாண்டில் திருவுருவப் படங்களை உடைத்தவர்களுக்கு எதிராக எழுதிய தமஸ்கு யோவான், சடப்பொருளைப் படைத்தவரே நமக்காக அதை ஏற்றுச் சரீரமானார், ஆகவே அதை இகழ முடியாது என்று வாதிட்டார். அவர் பேசியது மரத்தையும் வண்ணத்தையும் பற்றி. ஆனால் வார்த்தை மாம்சமானதைக் கொண்டாடும் நாளில் மாவையும் கொழுப்பையும் மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்த அந்த வாதம் இடம் கொடுக்காது. பிறந்தவர் பசித்தவராகவும் உண்டவராகவும் வாழ்ந்தார்; உணவுப் பிரியர் என்ற ஏச்சையும் கேட்டார்.

ஹூக்கர் சொன்ன தாராளம் ஏழை வீட்டில் என்ன உருவம் எடுக்கும் என்பதை 1843இல் வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை காட்டுகிறது. அன்று லண்டனின் ஏழை வீடுகள் பலவற்றில் அடுப்பு உண்டு, வாட்டும் உலை கிடையாது. கிராட்சிட் குடும்பத்தின் வாத்து ரொட்டிக் கடைக்காரர் உலையில் வேகிறது. புட்டிங்குக்கு உலை வேண்டாம். தண்ணீரும் பாத்திரமும் தீயும் போதும். அது துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் வேகிறது. கொப்பரையைத் திறந்ததும் வருவது சலவை நாளின் வாடை. மாவின் அளவு சரியாக இருந்ததா என்று அந்தத் தாய்க்குக் கடைசி வரை பயம். அத்தனை பேருக்கு அது சின்னப் புட்டிங். அந்த மேசையில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. வந்ததைப் போதுமென்று ஏற்றுக்கொண்ட அந்த மௌனம் உண்மையான நன்றி ஜெபம்.

அதே கதையில் ஒரு வழக்காடலும் உண்டு. ஓய்வுநாளில் ரொட்டிக் கடை உலைகளை மூடி ஏழைகளின் ஒரு வேளை நல்ல சோற்றைப் பறிப்பது ஏன் என்று கதையின் நாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜ், தன்னிடம் வந்த கிறிஸ்துமஸ் ஆவியிடம் கேட்கிறான். எங்கள் பேரைச் சொல்லித் தங்கள் கோபத்தையும் கர்வத்தையும் நடத்துகிறவர்களின் செயல் எங்களைச் சேராது என்ற பொருளில் ஆவி பதில் சொல்கிறது. அது வெறும் கற்பனைப் பேச்சல்ல. 1830களில் சர் ஆண்ட்ரூ ஆக்னியூ ஞாயிற்றுக்கிழமை வேலைகளை முடக்கும் மசோதாக்களைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார், அவை தோற்றன. 1836இல் டிக்கன்ஸ் புனைபெயரில் அவற்றுக்கு எதிராகச் சிறு நூலே எழுதினார். சொந்த வீட்டில் உலை வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டத்தால் எந்த நட்டமும் இல்லை என்பது அவருடைய கோபத்தின் வேர்.

பண்டிகைப் பண்டத்தைப் பிறரும் தம் காரியத்துக்கு எடுத்துக்கொண்டதுண்டு. 1927இல் பிரிட்டிஷ் அரசின் பேரரசுச் சந்தை வாரியம், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் சமையல் தலைவர் தந்த செய்முறையைப் ‘பேரரசுப் புட்டிங்’ என்று பரப்பியது. ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க உலர்பழம், சான்சிபார் கிராம்பு, ஜமைக்கா ரம், இந்திய மசாலா என்று ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு நாட்டின் பேர். பதின்மூன்று பொருளுக்குச் சீடர்களைச் சொன்ன இடத்தில் இப்போது குடியேற்ற நாடுகள். அடையாளங்கள் எவ்வளவு எளிதில் கைமாறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்று மது தொடாத வீடுகளில் பழத்தை ஆரஞ்சுச் சாற்றிலோ தேநீரிலோ ஊறவைக்கிறார்கள். புலால் உண்ணாதவர்கள் தாவரக் கொழுப்பைப் போடுகிறார்கள். பவுல் ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் இதே சங்கடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். உண்பவன் உண்ணாதவனை இகழக்கூடாது, உண்ணாதவன் உண்பவனைத் தீர்ப்பிடக்கூடாது; ஒரு நாளை உயர்வாக எண்ணுபவனும் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுபவனும் கடவுளுக்காகவே அப்படி எண்ணட்டும் என்பது அவர் வழி. பியூரிட்டனும் ஹூக்கரும் தத்தம் பக்கத்துக்கு அழைத்த அதே வேதம், இருவரையும் ஒரே மேசையில் உட்காரச் சொல்கிறது.

வெந்த புட்டிங் ஆறியதும் தாளை மாற்றிக் கட்டிக் குளிர்ந்த அலமாரியில் வைப்பார்கள். சர்க்கரையும் சாராயமும் அதைக் கெடாமல் காக்கும்; வாரங்கள் போகப் போக மசாலாவின் காரம் தணிந்து பழத்தோடு கலக்கும். வருகைக் காலம் ஒரு காலத்தில் மேலைச் சபைகளில் நோன்புக் காலம். விருந்துக்கு வேண்டியதைச் செய்து கண்முன் வைத்துக்கொண்டு, கை வைக்காமல் வாரக்கணக்கில் இருப்பது அந்த நோன்பின் வீட்டு வடிவம். பண்டிகை நாளில் இரண்டு மணி நேரம் மறுபடி ஆவியில் ஏற்றி, தட்டில் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிட்டு, சூடாக்கிய பிராந்தியைக் கொளுத்தி ஊற்றுவார்கள். சுடர் அடங்கியதும் கத்தி வைக்கலாம்.

அந்தப் பழைய ஜெபம் இன்னும் வழக்கில் இருக்கிறது. இங்கிலாந்து சபை 2000இல் கொண்டுவந்த புதிய வழிபாட்டு நூலில் அந்த ஞாயிறு அரசராகிய கிறிஸ்துவின் திருநாள் ஆயிற்று. முதலில் வரும் ஜெபமும் மாறியது. ஆனால் மக்கள் விரும்பிய பழைய ஜெபத்தை நூல் கைவிடவில்லை. அது இப்போது ஆராதனையின் கடைசிப் பகுதியில், அப்பமும் திராட்சரசமும் உட்கொண்ட பிறகு சொல்லும் ஜெபமாக வருகிறது.